டீயில் நனைந்த ரொட்டியும் ரொட்டியில் நனைந்த டீயும்

எங்கள் காலத்துச் சாத்தூரில் ரொட்டி தின்ன வேண்டுமென்றால் முதலில் காய்ச்சல் வர வேண்டும். இட்லிக்குத் தீபாவளி, பொங்கல் என்று நாள் குறித்திருந்தார்கள். ரொட்டிக்கான நாளைத் தெர்மாமீட்டர்தான் குறித்தது. டாக்டர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, சிவப்பு மிக்ஸரைச் சீசாவில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் "ரெண்டு நாளைக்குச் சோறு வேண்டாம், ரொட்டியும் பாலும் குடுங்க" என்று சொல்லுவாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காக ராத்திரி முழுக்கக் கக்கத்தில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்த பையன்கள் எங்கள் தெருவில் பலர். அவர்களுக்கெல்லாம் நான் தலைவன். கக்கம் நாறியதே தவிர உடம்பு சுட்டதாக ஞாபகமில்லை. அம்மாதான் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, அரை ராத்தல் ரொட்டிக்கு ஆள் அனுப்புவாள். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இந்த இடத்தில் கக்கம் அரித்தால், நீங்கள் நம்ம ஆள்.

கோதுமை எங்கள் கரிசக்காட்டுக்குள் நுழைந்தது இரண்டே வழியில்தான்: ஒன்று மருந்தாக, இன்னொன்று அமெரிக்க உதவியாக. கம்பு விளைந்தது, சோளம் விளைந்தது, பருத்தியும் மிளகாயும் விளைந்தன. கோதுமைக்கு எங்கள் மண்ணில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1956இல் டெல்லி அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில் கப்பலில் வந்திறங்கிய கோதுமை ரேஷன் கடைக்கு வந்தது. காமராஜர் தொடங்கிய மதிய உணவுக்குக் கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் அனுப்பிய சோள மாவும் கோதுமை ரவையும் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. காமராஜர் 1957இலும் 1962இலும் சட்டசபைக்குப் போனது எங்கள் சாத்தூர்த் தொகுதியிலிருந்து என்பதால் அந்த மஞ்சள் உப்புமாவில் எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு என்று எங்கள் வாத்தியார் சொல்வார். உரிமை தனியாக இருந்தாலும் கரண்டி எல்லோருக்கும் ஒன்றுதான். இதற்கிடையில் 1965இல் மத்திய அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் என்று ஒரு கம்பெனி வைத்து ரொட்டி சுட ஆரம்பித்தது. இரும்பு உருக்குகிற, அணை கட்டுகிற அரசாங்கம், ஓரமாக ரொட்டியும் சுட்ட காலம் அது. மெட்ராஸ் போய்வந்த சித்தப்பா அந்த ரொட்டியைப் பொட்டலம் பிரியாமல் கொண்டுவந்தபோது, காய்ச்சல் இல்லாத வீட்டுக்கு எதற்கு ரொட்டி என்று பாட்டி பயந்துபோய் எல்லோர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். 2000இல் அந்தக் கம்பெனியை இந்துஸ்தான் லீவருக்கு விற்றார்கள். ரொட்டி சுடுவதா அரசாங்கத்தின் வேலை என்று அப்போது கேட்டார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் அரசாங்கம் செய்த வேலைகளிலேயே கையில் பிடித்துப் பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

இப்போது என் மருமகள் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறாள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. அதுவும் சும்மா ரொட்டி இல்லை, டீ ரொட்டி. டீயை மாவுக்குள்ளேயே போட்டுச் சுட்டுவிடுகிறாள்.

சமையல் மேடையில், அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்ஸிக்கும் தண்ணீர் சுத்திகரிக்கிற பெட்டிக்கும் நடுவில், ஒரு கறுப்பு ஓவன் உட்கார்ந்திருக்கிறது. அவள் பாலைக் கொதிக்க விடாமல் சுடவைத்து, அதில் டீ இலையைப் போட்டு மூடி, சாயம் இறங்கியதும் வடிகட்டி ஆறவைக்கிறாள். இன்னும் கொஞ்சம் இலையை மிக்ஸியில் பொடித்து மைதாவோடு சேர்த்துச் சலிக்கிறாள். சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பேக்கிங் பவுடர். ஈஸ்ட் கிடையாது, மாவு எப்போது பொங்கும் என்று ஈரத்துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற வேலை கிடையாது. கலந்து, நீளத் தகரத்தில் ஊற்றி, நூற்றெண்பது டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்தால், நடுவில் ஒரு வெடிப்போடு ரொட்டி எழுந்து நிற்கிறது. அந்த வெடிப்பைக் கண்டு நான் "ஐயோ, விரிஞ்சுபோச்சேம்மா" என்றேன். "அப்படித்தான் மாமா வரணும், வெடிக்கலைன்னாதான் கோளாறு" என்றாள். வெடிப்பதற்கென்றே பேர்போன சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு இது ஒரு புதுப் பாடம்.

இந்தப் பேக்கிங் பவுடருக்குப் பின்னால் ஒரு புருஷன் இருக்கிறார். இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் என்றொரு மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காகவே ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியைப் பொங்கவைக்கும் பொடியை 1843இல் கண்டுபிடித்தார். முட்டையும் ஒத்துக்கொள்ளாது என்பதால் முட்டையில்லாக் கஸ்டர்டும் அவர் கைவேலைதான். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

என் மருமகளைப் போல வீடியோவைப் பார்த்துச் சமைப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வீடியோ எடுத்தவர்கள் சாத்தூரில் குடியிருப்பதில்லை. "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்கிறாள் வீடியோவில் வருகிற வெள்ளைக்காரப் பெண். யாருடைய அறை? சித்திரை மாதத்தில் எங்கள் அறை வெப்பநிலையில் வெண்ணெயை வைத்தால் அரை மணியில் அது முக்கால்வாசி நெய். இன்னும் கொஞ்சம் விட்டால் முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடலாம். இன்னொன்று, "மாவை ரொம்பக் கலக்காதீர்கள், இழுவை வந்தால் ரொட்டி ரப்பராகிவிடும்" என்று அவள் கெஞ்சுகிறாள். இதே மைதாவை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விருதுநகரில் அடித்து, இழுத்து, வீசி, சுருட்டி, அந்த இழுவை வருவதற்காகவே மாஸ்டர்கள் தோளை ஒடித்துக்கொண்டு, அப்புறம் எண்ணெயில் பொரித்தும் எடுக்கிறார்கள். ஒரே மாவு, அங்கே அடி வாங்கினால் புரோட்டா, இங்கே அடி வாங்காமல் தப்பித்தால் டீ ரொட்டி.

எங்கள் அம்மாவும் கேக் சுட்டவள்தான். தெருக்கோடியில் குடியிருந்த டீச்சரக்கா பாளையங்கோட்டையில் படித்தவர். கிறிஸ்துமஸுக்கு மாவைத் தகரத்தில் ஊற்றிப் பேக்கரிக்காரர் அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கிவருவார். பேக்கரிக்குப் போக மற்றவர்களுக்குக் கூச்சம், கூலிக்கும் தயக்கம். அதனால் வீட்டிலேயே செய்ய அவர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பழைய இட்லிச் சட்டியில் வைப்பாற்று மணலைச் சலித்துக் கொட்டி, அது காய்ந்ததும் மாவுத் தகரத்தை நடுவில் வைத்து, மேலே தட்டைப் போட்டு மூடி, தட்டின் மேல் தணலை அள்ளிப் பரப்ப வேண்டும். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. தகரம் என்பது டால்டா டப்பா; மஞ்சளில் பனைமரம் போட்டிருக்குமே, அதுதான். மைதா ஓர் உழக்கு, சோடா உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய், டீச்சரக்கா வீட்டுக் கோழி முட்டை. மணலுக்கு நாங்கள் நாலு பையன்கள் வாளியோடு ஆற்றுக்கு ஓடுவோம். ஆற்றில் தண்ணீர் இல்லாததில் யாருக்கும் வருத்தம் கிடையாது. மணல் காய்ந்திருக்கிறதே என்று சந்தோஷம். பன்றி புரளாத இடமாகப் பார்த்து, மேல்மணலை ஒதுக்கிவிட்டு, உள்மணலாக அள்ள வேண்டும் என்று அம்மா சொல்லியிருப்பாள், யார் ஒதுக்கினார்கள்?

இன்று அந்த முறையில் கேக் சுட நினைத்தாலும் நடக்காது. வைப்பாற்றில் ஒரு வாளி மணல் அள்ளிக்கொண்டு ஒருவன் தெருவில் நடந்துவந்தால், அவனை யாராவது செல்போனில் படம் எடுத்துப் போடுவார்கள். கடையில் கிடைப்பது எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்த மணலில் கேக் எப்படி வரும் என்று இதுவரை யாரும் வீடியோ போடவில்லை.

அந்தக் கேக்கின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அடி கரிந்திருக்கும், நடு வேகாமல் களியாக இருக்கும், மேலே தணல் சாம்பல் தூவியிருக்கும், டால்டா டப்பாவிலிருந்து கழற்றும்போது தூண் மாதிரி உருண்டு வந்து அரைப் பாகம் டப்பாவோடு நின்றுவிடும். மருமகளின் டீ ரொட்டியை எந்தச் சபையில் கொண்டுபோய் வைத்தாலும் அது அம்மாவின் கேக்கைத் தோற்கடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அம்மா இருந்தால் அவளுக்கும் இருந்திருக்காது. ஆனால் அந்தத் தூண் தயாராகும் ஒரு மணி நேரமும் தெருவே எங்கள் வாசலில் இருந்தது. தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்காமார் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கே வந்துவிடுவார்கள்; பேனா நிப்புப் பட்டறையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன்மார் போகிற வழியில் நின்று மூக்கை உறிஞ்சுவார்கள். விரல் அளவுத் துண்டு ஆளுக்கு ஒன்று. தின்றுவிட்டு ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்வார்கள்: மணல் இன்னும் காயணும், சோடா உப்பு கூடிப்போச்சு, அடுத்த தடவை கருப்பட்டி போட்டுப் பாருங்க. இன்றைக்கு மருமகளின் ரொட்டி வெந்து முடிந்ததும் அதன் படம் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்குப் போகிறது. எதிர்வீட்டுப் பெண் இதயம் ஒன்று அனுப்புகிறாள். எதிர்வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடித் தெரு. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று நான் சொன்னால், "அவங்க சுகர் பார்க்கிறாங்க மாமா" என்கிறாள். உண்மைதான், நானும் பார்க்கிறேன்.

இட்லிச் சட்டிக்கும் இந்தக் கறுப்பு ஓவனுக்கும் நடுவில், மூடியில் கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய ஓவன் ஒன்று கொஞ்ச காலம் வீட்டில் இருந்தது. எங்கள் தெரு மின்னழுத்தத்தில் அது கேக்கைச் சுட்டதை விட அப்பளத்தைக் காய வைத்ததே அதிகம். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தபோது அதுவும் பரணுக்குப் போயிற்று.

டீயின் கதையும் ரொட்டியின் கதைக்குச் சளைத்ததல்ல. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் ஏற்றுமதியின் மேல் தாங்களே ஒரு வரி போடச் சொல்லி 1903இல் வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் சட்டம் வாங்கி, அந்தப் பணத்தில் டீக்கு விளம்பரம் செய்தார்கள். முதலில் பெரும்பாலும் வெளிநாடுகளில். 1930களில் உலகச் சந்தை படுத்து, பெட்டி பெட்டியாகச் சரக்குத் தேங்கிய பிறகுதான் உள்ளூர்க்காரனுக்கும் ஒரு நாக்கு இருக்கிறது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஊர் ஊராக, சந்தை சந்தையாக ஓசி டீ ஊற்றினார்கள். என் தாத்தா அப்படி ஒரு சந்தையில் வாங்கிக் குடித்துவிட்டு, "ஓசியில குடுக்கிறவன் வட்டியோட வாங்காம விடமாட்டான்" என்றாராம். சொல்லிவிட்டு மறுவாரமும் போய் வரிசையில் நின்றாராம். அதே காலத்தில்தான் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். சி.டி.சி. என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதே, அது அந்த எந்திரம்தான். முழு இலை நிதானமாகச் சாயம் விடும். குருணையும் தூளும் கொதிதண்ணீர் பட்ட மாத்திரத்தில் கறுத்துவிடும். பஸ் கிளம்புவதற்குள் குடிக்க வேண்டிய ஊருக்கு அது பொருத்தமான கண்டுபிடிப்பு.

மருமகள் வாங்குவது தூள் இல்லை. எர்ல் கிரே. கறுப்புத் தேயிலையில் பெர்கமாட் என்ற நாரத்தை இனத்துப் பழத்தோலின் எண்ணெயை ஏற்றியது. அந்தப் பழம் பெரும்பாலும் விளைவது இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவில். "வாசம் எப்படி மாமா இருக்கு?" என்று டப்பாவைத் திறந்து நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தேன். காய்ச்சலில் கிடக்கிறவன் வாய்க்கசப்புக்குக் கொடுக்கிற நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடியை யாரோ திறந்த மாதிரி இருந்தது. அதை அப்படியே சொன்னேன். "சூப்பர் மாமா, இதை அப்படியே ஸ்டேட்டஸ்ல போடுறேன்" என்றாள்.

இந்த டப்பா நீலகிரி இலையா, அஸ்ஸாம் இலையா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கண்டிப் பாட்டி ஞாபகம் வந்தது. சொந்தப் பாட்டி இல்லை. வளவுக்குள் கடைசி வீட்டில் குடியிருந்தவள். எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்க இலங்கையின் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்களே, அதில் இந்தியாவின் பங்காக ஐந்தேகால் லட்சம் பேர் விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தியாகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, தாத்தா பேர் மட்டும் தெரிந்த ஊரைத் தேடி வந்தவள் அவள். அதுவரை பார்த்திராத சொந்த ஊர்!

பாட்டிக்குப் பால் டீ ஆகாது. தேத்தண்ணியைச் சாயமாக வடித்து, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பாள். கோதுமை மாவை ரேஷனில் வாங்கிவந்து நாங்களெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் பசை காய்ச்சித் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் தேங்காய்த் துருவல் போட்டுக் கனத்த ரொட்டி தட்டுவாள். தோட்டத்து லயத்தில் அதுதான் காலைச் சாப்பாடாம். முந்தின நாள் மிச்சத் தேத்தண்ணியைக் கொட்ட அவளுக்கு மனசு வராது. வாழ்நாள் முழுக்க இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போட்டவளுக்கு அந்தச் சாயத்தின் விலை தெரியும். அந்த ஆறிப்போன தேத்தண்ணியில் கருப்பட்டியைக் கரைத்து, சோடா உப்பு ஒரு துளி போட்டு, கோதுமை மாவைக் குழைத்துத் தட்டி, மண்சட்டியில் மூடி போட்டுச் சுடுவாள். செங்கல் நிறத்தில் இருக்கும். ஓரத்தில் கசக்கும், நடுவில் இனிக்கும். நாங்கள் அதைக் கரி ரொட்டி என்று கேலி செய்துகொண்டே கேட்டு வாங்கித் தின்போம்.

அயர்லாந்தில் பார்ம்பிராக் என்றும் வேல்ஸில் பாரா ப்ரித் என்றும் சொல்லிக்கொண்டு, உலர்ந்த திராட்சையை ராத்திரி முழுக்க ஆறிய டீயில் ஊறவைத்து, மறுநாள் மாவோடு கலந்து சுடுகிற பழக்கம் உண்டு என்று பின்னாளில் படித்தேன். அங்கேயும் எவளோ ஒரு கிழவி மிச்ச டீயைக் கொட்ட மனசில்லாமல்தான் ஆரம்பித்திருப்பாள் என்பது என் துணிபு. ஆதாரம் கேட்காதீர்கள். அயர்லாந்துக் கிழவியின் ரொட்டி உலகம் சுற்றி வீடியோவாக எங்கள் மருமகளிடம் வந்து சேர்ந்துவிட்டது. கண்டிப் பாட்டியின் ரொட்டிக்கு வளவைத் தாண்டவே வழி தெரியவில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்த சுகம் டீக்கடையில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பாண்டியன், கட்டபொம்மன் என்று ராஜாக்கள் பேரில் பஸ்கள் வந்து நின்ற காலம். 1997இல் ராஜாக்களும் தலைவர்களும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் இறங்கிப்போனார்கள். காமராஜர் மாவட்டமாயிருந்த நாங்கள் விருதுநகர் மாவட்டமானோம். பிற்பாடு நான்கு வழிச்சாலை வந்தது. நெடுந்தூர வண்டிகள் ஊருக்கு வெளியிலேயே சாத்தூரைத் தாண்டிப் போகின்றன. அன்றைக்கு மதுரை–திருநெல்வேலி போகிற ஒருவன் சாத்தூரில் இறங்காமல் போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளரிக்காய்க் கூடைகள், சேவுப் பொட்டலங்கள். அவற்றைத் தாண்டினால் அண்ணாச்சி கடை. பாய்லருக்குள் போட்ட நாலணா கலகலவென்று தாளம் போடும். கண்ணாடி ஜாடியில் பன், வெட்டுக்கேக், ரஸ்க், தேங்காய் பிஸ்கட். பெஞ்சில் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கு ஒரு பக்கமாகப் போயிருக்கும். கன்னித்தீவு படக்கதை வந்த பக்கம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவர் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். 1960இல் ஆரம்பித்த அந்தக் கதை அன்றைக்கும் முடியவில்லை, அதனால் டீ ஆறும் என்ற கவலையும் யாருக்கும் இல்லை.

பன்னை நனைப்பது ஒரு வித்தை. மேல்தோல் பளபளப்பாக, பழுப்பாக இருக்கும். அதை நனைத்தால் வழுக்கிவிடும், சாயம் ஏறாது. பிய்த்த பக்கத்தைக் கீழே பார்க்கும்படி பிடித்து, படுக்கை வாக்கில் டீயின் மேல் தொட்டு, உறிஞ்சவிட்டு, கனம் விரலுக்குத் தெரிந்த அந்தக் கணத்தில் எடுத்து, சொட்டுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நொடி முந்தினால் காய்ந்த பன்; ஒரு நொடி பிந்தினால் பன் கிளாஸுக்குள், கூடவே பக்கத்து பெஞ்சுக்காரரின் சிரிப்பு. விழுந்ததும் வீண்போகாது, கடைசியில் அடியில் சர்க்கரையும் டீத்தூளும் பன்னும் சேர்ந்து ஒரு கூழ் தங்கும், கிளாஸைச் சாய்த்துத் தட்டித் தட்டி அதை இறக்குவதற்கு முன்னால், என்னைக் கடைக்குக் கூட்டிப்போகும் அப்பா நாலு பக்கமும் பார்த்துக்கொள்வார். 1999இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் லென் ஃபிஷர் பிஸ்கட்டை டீயில் எப்படி நனைத்தால் உடையாது என்று கணக்குப் போட்டுக் காட்டி, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசை வாங்கினார். படுக்கை வாக்கில் நனை, மேல்பக்கம் காய்ந்திருந்தால் அது கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் முடிவு. எங்கள் அண்ணாச்சி கடை பெஞ்சில் மூன்று தலைமுறையாக உட்கார்ந்தவர்கள் யாரும் விண்ணப்பம் போடவில்லை.

மதுரையில் பி.காம். சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்த நான் வேறு ஆளாக வந்தேன். பெல்பாட்டம், கிருதா, கையில் புரியாத ஓர் ஆங்கில நாவல். அந்த நாவலில் யாரும் எதையும் எதிலும் நனைக்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்து, பன்னைத் தனியாக, டீயைத் தனியாக, கால்மேல் கால் போட்டுச் சாப்பிட்டதோடு நில்லாமல், நனைத்துத் தின்பது நாகரிகமில்லை என்று பக்கத்தில் இருந்த லாரிக்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: "நல்லதுங்க தம்பி. நனைக்காமத் தின்னா தொண்டையில நிக்கும், அப்ப தண்ணி கேப்பீக. தண்ணிக்குக் காசு கிடையாது, பாத்துக்கிடுங்க." எனக்குத் தொண்டையில் நின்றது. தண்ணீர் கேட்க ரோஷம் விடவில்லை. கண்ணில் நீர் முட்ட அந்த நாகரிகத்தை நான் விழுங்கியதை லாரிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

மருமகள் சுட்ட ரொட்டியில் அந்த ஆபத்து எதுவும் இல்லை. டீ எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு ஏற்கெனவே ஏறியிருக்கிறது, எல்லாத் துண்டிலும் ஒரே அளவாக, நொடி பார்க்க வேண்டாம், சிந்தாது, சட்டையில் சொட்டாது. விஞ்ஞானம் எங்கள் விரலுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. ஆனாலும் பழக்க தோஷம், ஒரு துண்டை எடுத்து டம்ளர் டீயில் படுக்கை வாக்கில் தொட்டேன். "மாமா, அதுலயே டீ இருக்கு" என்று அவள் பதறினாள். "டீக்கு டீ சம்பந்தி வீடும்மா, ஒண்ணும் சண்டை வராது" என்றேன். பன்னில் இருக்கிற இழுவை இந்த ரொட்டியில் கிடையாதே. அடிக்காமல் கலந்த மாவு. தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து முழுவதும் டம்ளருக்குள் போய்விட்டது. பேரன் கைதட்டினான். நான் நாலு பக்கமும் பார்த்துவிட்டு டம்ளரைச் சாய்த்துத் தட்டினேன்.

அடுத்த தடவை அவளை எர்ல் கிரேக்குப் பதில் கடை டீத்தூளும், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் போடச் சொன்னேன். வேண்டா வெறுப்பாகத்தான் போட்டாள். செங்கல் நிறத்தில் வந்தது. ஓரத்தில் லேசாகக் கசந்தது. படம் எடுத்தால் அழகாக இல்லையென்று ஸ்டேட்டஸில் போடவில்லை. அதனால் ஒரு துண்டு எதிர்வீட்டுக்குத் தட்டில் போக முடிந்தது. தட்டு திரும்பி வரும்போது வெறுந்தட்டாக வரவில்லை, ஒரு யோசனையும் கூட வந்தது: சுக்கு கொஞ்சம் தட்டிப் போடலாமே என்று.

நீங்களும் சுட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு சொல்லி வைக்கிறேன். குருணைத் தூளென்றால் மாவில் அப்படியே போடாதீர்கள், பல்லில் மணல் நெறிபடும். சாயம் மட்டும் இறக்கிப் போடுங்கள், பாலில் அடுப்பை அணைத்த பிறகு நாலைந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் போனால் துவர்ப்புதான் மிஞ்சும். சுட்ட அன்றைக்கு வெட்டாதீர்கள், மறுநாள்தான் பதம். கூடக் கடித்துக்கொள்ள இன்னொரு இனிப்பைத் தேடாதீர்கள். டீ ரொட்டிக்குச் சரியான ஜோடி பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்ட சாத்தூர்க் காராச்சேவுதான். அரைக் கிலோவாக வாங்குங்கள், கால் கிலோ பத்தாது.